அம்சாவின் கல் இலை

“நான் உயிருன்னு சொல்லி மேல் தட்டுல வெச்ச கல்ல எறக்கணும்னா, அதுக்குன்னு இந்த ஜில்லாவுல இன்னொரு கை பொறந்து வரணும்.”

செங்கல்பட்டு ராஜாராம் இப்படித் திருவாய் மலர்ந்த இடம், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள டீக்கடை. பல்லவர் காலமாக இருந்திருந்தால் இந்த வாசகத்தை மாமல்லபுரத்தில் ஏதாவது ஒரு பாறையில் வெட்டி, பக்கத்தில் ஒரு யானையையும் செதுக்கிவிட்டுப் போயிருப்பார்கள். இது வாட்ஸ்அப் காலம். அதனால் டீ ஆற்றும் சத்தத்தோடும், “தாம்பரம், தாம்பரம்” என்று பின்னால் கூவும் கண்டக்டர் குரலோடும், ‘செங்கை கல் நண்பர்கள்’ என்ற குழுவில் அது ஒலிப்பதிவாக நிலைபெற்றுவிட்டது. குழுவில் உள்ளவர்கள் தகராறு வரும்போதெல்லாம் அதைப் போட்டுக் கேட்பது வழக்கம். கேட்டதும் தகராறு முடிந்துவிடும்.

ராஜாராமுக்குத் தொழில், டூரிஸ்ட் வேன் ஓட்டுவது. சனி, ஞாயிறுகளில் மாமல்லபுரம். மற்ற நாட்களில் கல்யாணம், காதுகுத்து, வேளாங்கண்ணி, மேல்மலையனூர். ஆனால் அவருடைய உத்தியோகம் வேறு. கல்லுக்குள் தெரிகிற உருவம் ஒரு காலத்தில் உயிரோடு இருந்ததா, அல்லது வெறும் தாதுக் கறையா என்று தீர்ப்புச் சொல்வதுதான் அது. சம்பளம் கிடையாது, பதவி உயர்வு கிடையாது, யாரும் நியமிக்கவும் இல்லை. ஆகவே அதை மிகுந்த கண்டிப்போடு பார்த்துவந்தார்.

இந்த உத்தியோகம் அவருக்கு வந்து சேர்ந்த விதம் கொஞ்சம் பெரிய விஷயம். வருஷத்துக்கு ஒருமுறை ஒரு கல்லூரிக்காரர்கள் மண்ணியல் படிக்கிற பிள்ளைகளை ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் அழைத்துப்போக அவர் வேனை எடுப்பார்கள். முதல் வருஷம் ராஜாராம் டிரைவர் சீட்டைச் சாய்த்துப் போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, டிரைவர்களுக்கு விதிக்கப்பட்ட கடமையாகிய தூக்கத்தைச் செய்துகொண்டிருந்தார். வேனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒரு மாணவி கல் உடைத்துக்கொண்டிருந்தாள். வெளிர் நிறத்தில், கனமில்லாத, காய்ந்த களிமண் மாதிரியான கல். ஓரத்தில் ஒரு தட்டு தட்டினாள். கல் புத்தகம் போலத் திறந்துகொண்டது.

ஒரு பக்கம் இலை. மறு பக்கம் அதே இலையின் அச்சு. சின்ன ஈச்ச ஓலை மாதிரி. நடுவில் ஒரு நரம்பு, இருபுறமும் சீப்பால் வாரிவிட்டது போல ஒரே அளவில் குட்டிக் குட்டி இலைகள். பேராசிரியர் வந்து எட்டிப் பார்த்தார். பதிமூன்று கோடி வருஷம் இருக்கும், கொஞ்சம் முன்னே பின்னே, என்று பஸ் வருகிற நேரம் சொல்வதுபோல் சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையைப் பார்க்கப் போய்விட்டார்.

ராஜாராம் செருப்பில்லாமலே கீழே இறங்கினார். அந்த இலை கடைசியாக வெயிலைப் பார்த்தபோது இமயமலை இல்லை. மாடு இல்லை, மனுஷன் இல்லை. பூக்கலாமா வேண்டாமா என்று உலகம் அப்போதுதான் யோசித்துக்கொண்டிருந்தது. அப்புறம் சேற்றில் விழுந்தது, மூடிக்கொண்டது, அவ்வளவுதான். நடுவில் நடந்த எதுவும் அதற்குத் தெரியாது. மறுபடி அது வெயிலைப் பார்த்தபோது எதிரே நின்றது காக்கிச் சட்டை போட்ட ஒரு டிரைவர். அந்த இலைக்கு அது ஏமாற்றமாக இருந்ததா என்பது தெரியவில்லை. அன்றைக்குக் கல்லூரிக்காரர்கள் கொடுத்த பிரியாணிப் பொட்டலம் பிரிக்கப்படாமலே வீடு திரும்பியது. ராஜாராம் வாழ்க்கையில் அப்படி ஒரு சம்பவம் அதற்கு முன்பும் நடந்ததில்லை, பின்பும் நடந்ததில்லை.

அடுத்த வருஷத்திலிருந்து வேன் நின்றதும் முதலில் இறங்குகிறவர் டிரைவர்தான். பாடம் நடக்கும்போது மாணவர்களுக்கு முன்னால் நின்றார். சந்தேகம் கேட்டார். ஒருமுறை வருகைப் பதிவேட்டில் அவர் பெயர் விட்டுப்போயிருப்பதாகப் புகார்கூடச் சொன்னார்.

இப்படித்தான் நீதிமன்றம் கூடியது. அவர் வீட்டு முன்னறையில் இரண்டு தட்டுகள் அடித்தார். மேல் தட்டு உயிருக்கு; கீழ் தட்டு கறைக்கு. சேதி பரவியதும் கல் வரத் தொடங்கியது. புதுப்பட்டினத்திலிருந்து ஒருவர் டைனோசர் முட்டையை டர்க்கி டவலில் சுற்றிக் குழந்தை மாதிரி மடியில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுவந்தார். அது கடல் உருட்டிய கூழாங்கல் என்று தீர்ப்பானது. முட்டைக்கு ஏ.சி. தேவைப்படுமா என்று கேட்க நினைத்திருந்தவர், டவலை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். கல்லுக்குள் பாம்பு இருப்பதாக ஒருவர் வந்தார். அது கருங்கல்லில் ஓடிய வெள்ளைப் படிகக் கீற்று. மீன் செதில் மின்னுகிறது என்று இன்னொருவர், அது காக்காப்பொன். மாமல்லபுரத்துப் பாறையிலேயே ஒரு பல்லியைக் கண்டுபிடித்துப் படம் அனுப்பினார் ஒரு பயணி. அந்தப் பாறை பூமிக்கு அடியில் வெந்து பிறந்தது என்றும், அதற்குள் பல்லியைத் தேடுவது கொதிக்கிற குழம்புக்குள் ஐஸ் கட்டியைத் தேடுவது போல என்றும் ராஜாராம் பதில் அனுப்பினார். பயணி குழுவிலிருந்து விலகிவிட்டார்.

நிறையப் பேர் கொண்டுவந்தது இலைக் கல்தான். பிளந்த கல்லின் முகத்தில் கறுப்பாகச் செடி படர்ந்திருக்கும். கொண்டுவந்தவர் முகத்தில் பரவசம் படர்ந்திருக்கும். ராஜாராம் லென்ஸை எடுப்பார். முதலில் முதுகெலும்பைத் தேடுவார். இலை என்றால் நடு நரம்பு வேண்டும். நரம்புக்கு இரண்டு பக்கமும் ஒழுங்கு வேண்டும். கறைக்கு ஒழுங்கு கிடையாது. மனம்போன போக்கில் கிளை விடும். அப்புறம் அது எங்கிருந்து புறப்படுகிறது என்று பார்ப்பார். விரிசலின் ஓரத்திலிருந்து உள்ளே ஏறியிருந்தால், தண்ணீர் அந்த வழியாகப் புகுந்து மாங்கனீசையும் இரும்பையும் கொண்டுவந்து விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். கடைசியாக, யாரும் எதிர்பார்க்காத நேரத்தில், கல்லை நாக்கால் நக்குவார். இலை இருக்கிற ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக் களிமண் கல் நாக்கில் ஒட்டும், மற்றது ஒட்டாது. இது விஞ்ஞானம். பார்க்கிறவர்களுக்கு அப்படித் தோன்றாதது அவர் குற்றமல்ல.

“கறை” என்பார். அந்த ஒரு சொல்தான். சில சமயம் “வெறும் கறை.” கீழ் தட்டு சீக்கிரமே நிரம்பி, தரைக்கு வந்து, கட்டிலுக்கு அடியில் போனது. மேல் தட்டில் கல் ஏறியது அபூர்வம். ஏறியது எதுவும் இறங்கியதில்லை.

மேல் தட்டுக்கும் மேலே, சாமி படங்களின் வரிசையில், கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு கல் தொங்கியது. அதற்குப் பெயர் ‘அம்சா இலை’. நீதிபதிக்கு அதைப் பற்றி விசாரிக்க ஒருநாளும் தோன்றியதில்லை. ஏனென்றால் நீதிமன்றத்தைவிட அது பழசு.

அம்சா அவருடைய மனைவி. அந்தக் காலத்தில் ராஜாராம் டிப்பர் லாரியில் கிளீனர். சிங்கப்பெருமாள்கோவில் தாண்டி லாரி பஞ்சராகி நின்ற ஒரு மத்தியானம், ஜாக்கிக்கு முட்டுக்கொடுக்கக் கல் தேடியபோது அது ரோட்டோரத்தில் கிடந்தது. உள்ளங்கை அகலம், சந்தன நிறம். அதன்மேல் கரும்பழுப்பில் ஒரு செடி. கிளை, கிளையில் கிளை, அதன் நுனியில் தலைமுடிபோல இன்னும் கிளை. மூன்று ஓரங்கள் உடைசல். ஒரு ஓரம் மட்டும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல நேர். ஜாக்கிக்கு வேறு கல் வைத்துவிட்டு அதைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார்.

கல்யாணம் நிச்சயமானபோது பெண்ணுக்கு ஒரு செயின் போடுவதாக ராஜாராம் வீட்டார் சொல்லியிருந்தார்கள். அந்த வருஷம் போர்வெல் போட்டார்கள், தண்ணீர் வரவில்லை, செயினும் வரவில்லை. கல்யாணம் முடிந்த கையோடு ராஜாராம் அந்தக் கல்லை எடுத்து அம்சாவிடம் கொடுத்து, “தங்கம் எவன் வேணா போடுவான். இது கோடி வருஷத்து இலை. ஒலகத்துல ஒண்ணுதான் கீது” என்றார். கோடி என்பதை டி.வி.யில் எப்போதோ கேட்டிருந்தார். ஒன்று என்பது சொந்தச் சரக்கு.

அம்சா சிரிக்கவில்லை. ரொம்ப நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நேரான ஓரத்தைக் கட்டைவிரலால் தடவி, இது ஏன் இப்படி என்று கேட்டார். பூகம்பத்தில் கல் வெடித்தால் அப்படித்தான் நேராக வெடிக்கும் என்று கணவர் சொன்னார். சாமி படத்துக்குக் கண்ணாடி போடுகிற கடையிலேயே அதற்கும் சட்டம் போட்டாயிற்று. வெள்ளிக்கிழமைகளில் கண்ணாடியைத் திறந்து கல்லின் நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் ஏறியது.

அம்சா வீட்டிலேயே பிளவுஸ் தைப்பவர். அளவு கொடுக்க வந்த பெண்கள் எல்லாரும் அந்த இலைக்குக் கீழேதான் நின்றார்கள். இஞ்ச் டேப் இடுப்பைச் சுற்றிவருவதற்குள் கோடி வருஷக் கதை முடிந்துவிடும். அவர் தங்கை துர்காதேவிக்குக் கல்யாணத்தில் நல்ல நகை போட்டிருந்தார்கள். அதைப் பற்றி யாராவது எடுத்தால் அம்சாவிடம் ஒரு பதில் இருந்தது. “அவ நகை பேங்குல கீது. என் நகை சொவுத்துல கீது.” துர்காதேவிக்கு இதற்குப் பதில் இதுவரை கிடைக்கவில்லை.

இந்நிலையில் செங்கல்பட்டில் ஒரு வாசகசாலையை நடத்திவரும் ஷாரோன் என்ற பெண்மணிக்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமை ‘நம் ஊர்க் கற்கள்’ என்று கண்காட்சி வைக்கலாம் என்று தோன்றியது. ராஜாராமைவிட்டால் அந்தத் துறைக்கு ஆள் ஏது? இரண்டு மேசை, உயிருக்கு ஒன்று, கறைக்கு ஒன்று. உயிர் மேசையின் நடுவில், சிவப்புத் துணிமேல், அம்சா இலை. அதற்குப் பக்கத்தில் அச்சடித்த அட்டை. ராஜாராம் வீட்டுச் சுவரிலிருந்து அது இறங்கப்போவது அதுதான் முதல்முறை. அம்சா தனக்கு ஒரு புது பிளவுஸ் தைத்துக்கொண்டார். ஊருக்கெல்லாம் தைக்கிறவர் தனக்குத் தைத்துக்கொள்வது லேசில் நடக்காது. துர்காதேவிக்குப் போன் செய்து, கட்டாயம் வரணும் என்று ஒருதரத்துக்கு இரண்டுதரமாகச் சொன்னார்.

கண்காட்சிக்கு முந்தின வாரம் மோசஸ் போன் செய்தான். மோசஸ் கேளம்பாக்கம் பக்கத்து அடுக்குமாடிகளில் தரைக்குக் கல் பதிக்கும் மேஸ்திரி. கல் நண்பர்கள் குழுவில் துடிப்பான உறுப்பினன்.

“அண்ணாத்த, ஒரு பால்கனி பூரா ஃபாசிலு. உன் கண்ணால வந்து பாரு.”

ராஜாராம் சவாரியை வேறொருவருக்கு மாற்றிவிட்டுப் போனார். ஒன்பதாவது மாடி. வீட்டுக்காரி சிநேகா, கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவர். கடையில் ‘ஃபாசில்’ என்று பெயர் போட்ட மாடலாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தார். இவை என்ன செடி என்று தெரிந்துகொண்டால், கிரகப்பிரவேசத்துக்கு வருகிறவர்களிடம் சொல்லலாம் என்பது அவர் ஆசை.

பால்கனிக் கதவைத் திறந்ததும் ராஜாராம் செருப்பைக் கழற்றினார். காலடியில் ஒரு காடு இருந்தது. சந்தன நிறக் கல் வரிசை வரிசையாக. ஒவ்வொன்றிலும் கரும்பழுப்பில் செடிகள், புதர்கள், தூரத்தில் தெரிகிற தோப்புகள். ஒன்றுபோல் ஒன்று இல்லை. கம்பிக்கு அப்பால் பக்கிங்காம் கால்வாயும் உப்பளமும் வெயிலில் வெளுத்துக் கிடந்தன. இந்தப் பக்கம், ஈரம் காயாத சிமெண்டில், காற்றே இல்லாத அந்தக் காடு அசையாமல் நின்றது. மிதிக்க அவருக்கு மனம் வரவில்லை.

கொஞ்ச நேரம்தான். அப்புறம் உத்தியோகம் நினைவுக்கு வந்தது. மண்டியிட்டார். லென்ஸை வைத்தார். குனிந்து புது வீட்டுத் தரையை நக்கினார். சிநேகா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

“கறை” என்றார் ராஜாராம். முதுகெலும்பு இல்லாததையும், ஓரத்திலிருந்து ஏறியிருப்பதையும், நாக்கில் ஒட்டாமல் மணல் நறநறப்பதையும் விளக்கி, இது ராஜஸ்தான் பக்கத்திலிருந்து வருகிற மணற்கல் என்றும், கடைக்காரர்கள் என்ன பெயர் வேண்டுமானாலும் வைப்பார்கள் என்றும் முடித்தார். அப்படியானால் இது எந்தச் செடியின் இலையும் இல்லையா என்று சிநேகா ஒருமுறைக்கு இருமுறை கேட்டார். எந்தச் செடியுடையதும் இல்லை, வெறும் கறை மேடம், என்றார். சிநேகாவின் முகம் வாடியதைப் பார்த்து, உண்மை என்றால் அப்படித்தான் என்று ஆறுதலும் சொன்னார்.

புறப்படும்போது மோசஸ், அறுத்ததில் மிச்சமான ஒரு துண்டை அவர் கையில் வைத்தான். கீழ் தட்டுக்கு ஆகட்டும் என்றான்.

உள்ளங்கை அகலம். சந்தன நிறம். மூன்று ஓரம் உடைசல். ஒரு ஓரம் நேர்.

ராஜாராம் அந்த நேரான ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினார். லிஃப்ட் வந்து, கதவு திறந்து, யாரும் ஏறாததால் மூடிக்கொண்டது.

“இந்தக் கல்லு எத்தினி நாளா வருது மோசஸ்?”

“நான் கரண்டி புடிச்ச நாள்லேருந்து வருது அண்ணாத்த. லாரில ஒடஞ்சுதுன்னா ரோட்டாண்டயே தள்ளிட்டுப் பூடுவான்.”

அன்று ஓ.எம்.ஆர். ரோட்டில் ராஜாராமின் வேன் ஹாரனே அடிக்காமல் போனது.

வீட்டில் அம்சா இல்லை. லைனிங் துணி வாங்கக் கடைக்குப் போயிருந்தார். ராஜாராம் ஸ்டூல் போட்டு ஏறிச் சட்டத்தை இறக்கினார். கண்ணாடியைத் திறந்தார். லென்ஸ் வைத்தார். நடு நரம்பு இல்லை. நேரான ஓரத்துக்கு எதிர் ஓரத்தில், ஒரு விரிசலிலிருந்துதான் செடி ஏறியிருந்தது. தீர்ப்பு எழுத அதுவே போதும். இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே, நாக்கால் தொட்டார். கல்லின் சுவை தெரியவில்லை. இத்தனை வருஷத்து வெள்ளிக்கிழமை மஞ்சள்தான் தெரிந்தது.

சட்டத்தை இருந்த இடத்திலேயே மாட்டிவிட்டார்.

அந்த வாரம் அவர் சொல்ல முயன்றார். சாப்பிடும்போது ஆரம்பித்தார், அம்சா இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார். தையல் மெஷின் ஓடும்போது ஆரம்பித்தார். மெஷின் சத்தத்தில் கேட்கவில்லை, அது அம்சா காதில் விழ வேண்டும் என்ற உறுதி அவருக்கும் இல்லை. குழுவில் யாரோ இலைக் கல் ஒன்றின் படம் போட்டு, உயிரா கறையா என்று கேட்டிருந்தார்கள். ராஜாராமிடமிருந்து பதிலே வரவில்லை. உடம்புக்கு ஏதாவதோ என்று விசாரித்து வணக்கக் குறிகள் வந்து குவிந்தன. சனிக்கிழமை சாயங்காலம் வாசகசாலைக்கு எல்லாக் கல்லையும் கொண்டுபோய் அடுக்கினார்கள். அம்சா இலையை உயிர் மேசையின் நடுவில், சிவப்புத் துணிமேல், ராஜாராம் தன் கையாலேயே வைத்தார். அட்டையை நேராக்கியதும் அவர்தான். நன்றாக இருக்கிறதா என்று ஷாரோன் கேட்டதற்குத் தலையை ஆட்டினார். ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் பொதுவான ஆட்டல்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புது பிளவுஸோடு அம்சா வேனில் ஏறினார், முன் சீட்டில். கொளவாய் ஏரிக்கரையில் ராஜாராம் வண்டியை ஓரங்கட்டினார். பஞ்சரா என்று அம்சா கேட்டார். இல்லை என்றார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். கேளம்பாக்கம், பால்கனி, நாக்கு, ராஜஸ்தான், லாரி. ஒலகத்துல ஒண்ணுதான் என்று தான் சொன்ன கல், ஒரு பால்கனியில் மட்டும் எண்ண முடியாத அளவு கிடந்ததையும் சொன்னார். ஸ்டீயரிங்கைப் பார்த்தே சொன்னார்.

அம்சா ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப அந்த ஓரம் நீ அறுத்தது இல்லியா?”

ராஜாராமுக்குப் புரியவில்லை.

“எனக்குத் துணி வெட்டறதுதான்யா வேல. கத்தி பட்ட ஓரமா, கிழிஞ்ச ஓரமான்னு தெரியாதா? மொத நாளே தெரியும், யாரோ அறுத்துகீறாங்கன்னு. நீதான் எனக்கோசரம் குந்திகினு அறுத்தேன்னு நெனச்சேன்.”

“பூகம்பம்னு சொன்னேனே.”

“சொல்லக் கூச்சப்பட்டுகினு நீ பூகம்பங்கிறேன்னு வுட்டுட்டேன்.”

ஆக, கோடி வருஷம் மட்டும் போகவில்லை. எந்த வருஷத்திலும் நடந்திராத ஒரு அறுப்பு வேலையும் சேர்ந்து போயிற்று. ராஜாராம் கல்லைப் பற்றி எத்தனையோ பேருக்குத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்; அந்தக் கல்லோடு சேர்த்து அம்சா இப்படி ஒரு நினைப்பை வைத்திருந்தது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அதை எந்தத் தட்டில் வைத்திருப்பார் என்பதும் தெரியாது.

அம்சா, அப்படியானால் அந்தச் செடியைப் போட்டது யார் என்று கேட்டார். ராஜாராம் எத்தனையோ பேருக்குச் சொன்னதையே சொன்னார். கல்லில் விரிசல் இருக்கும். மழைத் தண்ணி உள்ளே எறங்கும். அந்தத் தண்ணியில் கரைந்து வருகிற மாங்கனீசு, கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்திலிருந்து படியும். படிந்த இடத்திலேயே இன்னும் படிந்து, இரண்டாகப் பிரியும், அது இன்னும் இரண்டாகப் பிரியும். எத்தனை வருஷம் ஆகும் என்று யாரால் சொல்ல முடியும்? வெறும் கறைதான் என்று முடிக்கப் போனார். ‘வெறும்’ வாய்வரை வந்து அங்கேயே நின்றுவிட்டது.

“இலைய அது பாத்ததே இல்லியா?” என்றார் அம்சா.

“இல்ல.”

“இலையவே பாக்காம இலை போட்டுகீதா?”

அம்சா ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, கையை நீட்டிக் காட்டினார். வெயில் காலத்தில் ஏரி உள்வாங்கியிருந்தது. தண்ணீர் விட்டுப்போன சேற்றில், கரையிலிருந்து நீரை நோக்கிச் சின்னச் சின்ன வாய்க்கால்கள் ஓடியிருந்தன. கிளை, கிளையில் கிளை, நுனியில் தலைமுடிபோல இன்னும் கிளை. ஏரி முழுக்க, கண்ணுக்கு எட்டியவரை, அம்சா இலை.

யாரும் அதை வரையவில்லை. எந்தச் செடியும் அங்கே விழுந்ததில்லை. இந்தக் கரையோரமாக வேனை எத்தனையோ வருஷம் ஓட்டியிருக்கிறார். மின்சார ரயில் பிடிக்கிறவர்களைப் பக்கத்து ஸ்டேஷனில் அடிக்கடி இறக்கிவிட்டிருக்கிறார். ஸ்டீயரிங்கின் மேலிருந்த தன் புறங்கையைப் பார்த்தார். அங்கேயும் நரம்பு இரண்டாகப் பிரிந்து, அது இரண்டாகப் பிரிந்து, விரலுக்குள் போனது. கல்லுக்குள் உயிர் இருந்ததா என்று இத்தனை காலம் கேட்டுக்கொண்டிருந்தவருக்கு, உயிர் வருவதற்கு முன்பே தண்ணீர் இந்த வேலையைப் பழகிவைத்திருந்ததோ என்று தோன்றியது. அப்படித் தோன்றியதும் முதுகு சிலிர்த்தது. பிரியாணிப் பொட்டலத்தைப் பிரிக்காத அந்த நாளுக்குப் பிறகு இப்போதுதான்.

“வண்டிய எடு. துர்கா வந்து நின்னுகினு இருப்பா” என்றார் அம்சா. வேன் நகர்ந்ததும், ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்: “எந்த மேசையோ அந்த மேசைல வை. சட்டத்த மட்டும் திருப்பிக் குடுத்துடு, சொவுத்துல ஆணி சும்மா கீது.”

வாசகசாலையில் கூட்டம் சேர்ந்திருந்தது. வழக்கம்போல் எல்லாரும் உயிர் மேசையைச் சுற்றி நின்றார்கள். கறை மேசையின்மேல் குடைகளை வைத்திருந்தார்கள். மோசஸ் வந்திருந்தான், அம்சா இலையை ஒருமுறை பார்த்தான், நேரான ஓரத்தை இன்னொருமுறை பார்த்தான், அப்புறம் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான். துர்காதேவி கழுத்து நிறையப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் இருந்தார். பேங்கிலிருந்து மீட்டுவந்திருக்க வேண்டும்.

ராஜாராம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார். ஒலிப்பதிவில் கேட்கிற குரல் வரும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். வரவில்லை. சட்டத்தின் பின்பக்கக் கொக்கியைக் கழற்றி, கல்லை வெளியே எடுத்தார். வெறும் சட்டத்தை அம்சாவிடம் கொடுத்தார். மஞ்சள் படிந்த கல்லை வலது கையில் ஏந்திக்கொண்டு இரண்டு மேசைக்கும் நடுவே நடந்தார். கறை மேசையில் குடையை நகர்த்தி இடம் பண்ணி, நேரான ஓரம் பார்க்கிறவர்கள் பக்கம் தெரியும்படி அதை வைத்தார்.

உயிர் மேசையில், சிவப்புத் துணியின் நடுவில், கல் இருந்த இடம் மட்டும் அழுந்தியிருந்தது.

“இன்னா மாமா,” என்றார் துர்காதேவி, “அப்ப மொதல்ல இந்த மேசைல யாரு அத வெச்சது?”

“நாந்தாம்மா வெச்சேன்” என்றார் ராஜாராம். “எறக்குனதும் நாந்தான்.”

அம்சா அதற்குள் கறை மேசைக்கு வந்து, கல்லின்மேல் குனிந்து நின்றார். லென்ஸைக் கேட்டுக் கை நீட்டினார்.